பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் உபகாரி தேவை

ஏழைப் பிள்ளை ஒன்றின் படிப்புக்கு மாதாமாதம் பணம் அனுப்பி உபகாரியாகலாம் என்றிருக்கிறோம், எங்கே தொடங்குவது என்று கேட்டு எனக்கு அவ்வப்போது போன் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போல ஊரை விட்டு வந்து அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலை பார்க்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தினர். எந்த நாடு, எந்த அமைப்பு என்ற பேச்சுக்கெல்லாம் முன்பு நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: பெரிய பிள்ளையாகப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. ஏற்றுக்கொண்டால் பள்ளிப் படிப்பு முடியும்வரை விடாதீர்கள்.

இதைக் கேட்டதும் பலருக்கும் முகம் வாடும். மனம் ஐந்து வயதுப் பிள்ளையைத்தான் தேடும். டெக்சாஸில் எங்கள் பங்குக் கோவிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் குருவானவர் ஒருவர் வந்து எல்லாப் பூசையிலும் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து வெளியே வந்தால் வாசல் மண்டபத்தில் நீள மேசை. மேசை நிறைய, உபகாரிக்காகக் காத்திருப்பவர்களின் அட்டைக் கோப்புகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒருவரின் படம், பெயர், பிறந்த தேதி, நாடு. முன்பல் விழுந்த சிறுமிகளின் கோப்புகள் காலைப் பூசைகளிலேயே தீர்ந்துவிட்டன. கடைசிப் பூசைக்குப் போன எங்களுக்கு மிச்சம் கிடந்தவை மீசை அரும்பும் பையன்கள், சிரிக்காமல் காமிராவைப் பார்க்கும் வளர்ந்த பெண்கள், சில முதியவர்கள். அவற்றிலிருந்து நடு அமெரிக்க நாடான குவாத்தமாலாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கோப்பை எடுத்தேன். இந்த ஆண்டு ஆறாம் வகுப்பை முடிக்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது. என் கணவர் தயங்கினார். சின்னப் பிள்ளையாக இருந்தால் வளர்வதைப் பார்க்கலாமே என்றார். ஆனால் ஏழை வீட்டில் ஆறாம் வகுப்பை முடிக்கும் பெண்பிள்ளைக்கு அடுத்த ஆண்டு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் படித்தது கோவில்பட்டிப் பக்கத்தில் கன்னியர்கள் நடத்திய போர்டிங்கில், எண்பதுகளில். எங்களில் பலருக்கு வெளிநாட்டில் ஓர் உபகாரி உண்டு. என்னுடையவர் ஜெர்மனியில் இருந்தார். இரவு ஜெபத்தின் முடிவில் உபகாரிகளுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் தவறாமல் சொல்வோம். கிறிஸ்துமசுக்கு இரண்டு மாதம் முன்பே சிஸ்டர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிப் போடுவார். எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதி, கீழே மயிலோ குத்துவிளக்கோ வரைந்து, கலர் பென்சிலால் நிரப்புவோம்.

என் பாய்க்கு அடுத்த பாயில் படுத்திருந்தவளுக்கு எட்டாம் வகுப்பில் உபகாரியின் பணம் நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மனிதர் இறந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம். சிஸ்டர்கள் ஒரு பருவம் எப்படியோ சமாளித்தார்கள். அதன்பிறகு அவளுடைய அப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் பின்னால் போனாள். விடியும் முன்பே ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் அடுத்த வாரமே ஏறிவிட்டாள். வகுப்பில் கணக்குக்கு அவள்தான் முதல். அத்தனை ஆண்டுகள் அவளுக்கு வந்த பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வயிறு நிறைந்தது, எழுதப் படிக்கத் தெரிந்தது. ஆனால் எதை எண்ணி ஒருவர் அனுப்பினாரோ அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றுபோனது. எனக்குப் பணம் அனுப்பியவர் பிளஸ் டூ வரை அனுப்பினார். நான் நர்சிங் படித்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் நான்கே ஆண்டுப் பணம்.

குவாத்தமாலாவில் இந்த முறிவு இன்னும் முன்னதாக வருகிறது. அங்கே தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டுகள். கிராமத்திலேயே பள்ளி இருக்கும். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. அடுத்த மூன்று ஆண்டுப் படிப்புக்கு ‘பாசிகோ’ என்று பெயர். அதற்குப் பல ஊர்களில் அரசுப் பள்ளி கிடையாது. பெற்றோரும் நகராட்சியும் அரசும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுறவுப் பள்ளிதான் உண்டு. அதில் மாதக் கட்டணம் உண்டு. பள்ளி தூரத்தில் இருந்தால் பஸ் செலவு. சீருடை, கறுப்புக் காலணி, ஜனவரியில் பள்ளி தரும் நீண்ட பொருள் பட்டியல், ஆண்டு முழுவதும் ஜெராக்ஸ். அதற்கு மேல் இரண்டு மூன்று ஆண்டு மேல்நிலைப் படிப்பு. செலவு இன்னும் கூடும். அதே வயதில்தான் பையன் காப்பித் தோட்டத்தில் அப்பாவுக்கு நிகராகப் பழம் பறிக்கும் உடல் பெறுகிறான்; பெண் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் பெறுகிறாள். 2015 வரை பதினான்கு வயதுப் பெண்ணைக்கூட மணமுடித்துக் கொடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தந்தது. அந்த ஆண்டுதான் வயதைப் பதினெட்டாக உயர்த்தினார்கள். அதில் விட்டுவைத்த விலக்குகளை 2017-ல் நீக்கினார்கள். வீட்டில் வைத்துப் படிக்கவைக்க ஒரு காரணமும் கொஞ்சம் பணமும் தேவைப்படும் வயது அது. ஐந்து வயதுப் பிள்ளை எப்படியும் பள்ளிக்குப் போய்விடும்.

எனக்கு இது சொந்த அனுபவம். ஆனால் ஆய்வும் உண்டு. புரூஸ் வைடிக் என்ற பொருளாதார அறிஞரும் இரண்டு சகாக்களும் ஆறு நாடுகளில், சிறு வயதில் உபகாரி இருந்து இப்போது வளர்ந்துவிட்டவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ‘கம்பாஷன்’ என்ற சுவிசேஷ சபை அமைப்பு, கத்தோலிக்க அமைப்பு அல்ல. ஆறு நாடுகளில் இந்தியாவும் உண்டு, குவாத்தமாலாவும் உண்டு. 2013-ல் வெளியான முடிவின்படி, உதவி பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். உயர்நிலைப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் 12 முதல் 18 சதவீதப் புள்ளி வரை அதிகம். சராசரியில் ஓராண்டு என்பது சின்னதாகத் தெரியலாம். அந்த ஓராண்டு யாருக்கு எந்த வகுப்பில் கிடைக்கிறது என்பதில்தான் வாழ்க்கையே இருக்கிறது.

நாங்கள் சேர்ந்தது ‘அன்பவுண்ட்’ என்ற அமைப்பில். 1981-ல் கான்சாஸில் ஹென்ட்சன் குடும்பத்துச் சகோதரர்களும் சகோதரியும் ஒரு நண்பரும் சேர்ந்து தொடங்கியது, எல்லாரும் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள். முதலில் வேறு பெயர். 2014-ல்தான் இந்தப் பெயர் வந்தது. நிறுவியவர்களில் ஒருவரான பாப் ஹென்ட்சன் 1996-ல் கான்சாஸிலிருந்து குவாத்தமாலா வரை நடந்தே போனார். 2013-ல் இறக்கும்போதும் அந்த நாட்டில்தான் இருந்தார். நாங்கள் சேர்ந்தபோது மாதம் 30 டாலர். பிறகு 40-ஐ ஒட்டி உயர்ந்தது. முதியவர்களுக்கும் உபகாரியாகலாம். இந்த அமைப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் யாரையும் சொல்வதில்லை. கனடாவில் இருப்பவர்களுக்கு நோவா ஸ்கோஷியாவிலிருந்து இயங்கும் ‘சாலிஸ்’ உண்டு. ஐரோப்பாவில் துறவற சபைகள் பலவும் தங்கள் மிஷன் பள்ளிகளுக்காக நேரடியாகவே உபகாரிகளைச் சேர்க்கின்றன.

ஆனால் பணம் எந்த வழியில் போகிறது என்று கேட்டே தீர வேண்டும். பிள்ளையின் படத்தைக் காட்டும் எல்லா அமைப்பும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பணம் கொடுப்பதில்லை. சில அமைப்புகள் எல்லா உபகாரிகளின் பணத்தையும் ஒன்றாகத் திரட்டி ஊருக்குக் கிணறு, பள்ளிக் கட்டடம், மருந்தகம் என்று செலவிடுகின்றன. சில, கோவிலை ஒட்டி ஒரு மையம் வைத்து அங்கே வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் டியூஷனும் கொடுக்கின்றன. வேறு சில, பிள்ளையின் தாய் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி அதில் போடுகின்றன. மூன்றும் நல்ல வழிதான். ஆனால் முதல் வகையில் பணம் போட்டுவிட்டு, என் பிள்ளைக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தால் இரு தரப்புக்கும் கசப்புதான். நான் மூன்றாவது வகையின் பக்கம். ஏன் என்பதை, நாங்கள் ஏற்ற பெண்ணின் ஊரான சான் லூகாஸ் தோலிமானுக்குப் போனபோது கண்ணால் பார்த்தேன்.

உபகாரிகளைக் குழுவாக அழைத்துப்போகும் பயணம் அது. குவாத்தமாலா நகரிலிருந்து மலைப்பாதையில் பாதி நாள். அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் கழித்துவிட்ட மஞ்சள் பஸ்களுக்கு அங்கே சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசி, முன் கண்ணாடியில் மாதா படம் வைத்து ஓட்டுகிறார்கள். அதித்லான் ஏரி கடல்மட்டத்துக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல். அதைச் சுற்றி மூன்று எரிமலைகள். அவற்றின் அடிவாரத்தில் இருக்கிறது சான் லூகாஸ். ஊர் மக்களில் பெரும்பாலோர் மாயா இனத்தவர். வீட்டில் பேசுவது காக்சிகேல் மொழி. பள்ளியில் ஸ்பானிஷ்.

அந்த ஊர்க் கோவிலில் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலிருந்து வந்த கிரெக் ஷாஃபர் என்ற குருவானவர் 1963 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஊழியம் செய்தார். நிலம், காப்பி விலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் அவர் காலத்தில் மக்களோடு சேர்ந்து நடந்த காரியங்கள். 2012-ல் இறந்தார். அதே ஏரிக்கரையில் சாந்தியாகோ அதித்லானில் ஒக்லஹோமாவிலிருந்து வந்த ஸ்டான்லி ராதர் என்ற குருவானவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் கொலைப் பட்டியலில் பெயர் வந்து, தன் நாட்டுக்குத் திரும்பிப் போய், மக்களை விட்டிருக்க மனமின்றி மறுபடியும் வந்து, 1981 ஜூலை 28 அன்று பங்கு இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2017-ல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுக்கப்பட்டது. அவருடைய இதயம் அந்தக் கோவிலிலேயே இருக்கிறது. அதன் முன் முழந்தாளிட்டபோது, மாதம் முப்பது டாலரைப் பெரிய காரியமாக யாரிடமும் பேசக் கூடாது என்று தோன்றியது.

நாங்கள் ஏற்ற பெண் அப்போது பாசிகோ இரண்டாம் ஆண்டு. வெட்கத்தில் என் முகத்தையே பார்க்கவில்லை. அவளுடைய அம்மா அடுப்படியில் சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்திருந்தார். கழுவி அரைத்து ரொட்டி தட்டினார். மொழிபெயர்க்க வந்த ஊழியர் வெளியே யாரிடமோ பேசப் போனதால் அரைமணி நேரம் நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் இல்லாமல் உட்கார்ந்து ரொட்டி தட்டினோம். பிறகு அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து ரசீதுகளை மேசையில் வரிசையாகப் பரப்பினார். காலணி. சீருடைத் துணி. பள்ளிக் கட்டணம், மாதவாரியாக. ஜியோமிதிப் பெட்டி. அதற்கடுத்து பெரிய தொகைக்கு ஒரு ரசீது: கூரைத் தகரம்.

குழுவில் வந்திருந்த ஒருவர், படிப்புக்குக் கொடுத்த பணத்தில் கூரையா என்று மெல்லக் கேட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. மகளின் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை பரவி, பாதிப் பக்கம் படிக்க முடியாமல் இருந்தது. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. கூரை ஒழுகினால் படிப்பு ஒழுகியது மாதிரிதான். டெக்சாஸிலோ கான்சாஸிலோ உட்கார்ந்து திட்டம் போடுகிற யாருக்கும் இது தோன்றாது. அந்தத் தாய்க்குத் தெரிந்தது. அவருக்கு மேலே தாய்மார் குழு ஒன்று இருக்கிறது; தெருவில் உள்ள இருபது முப்பது தாய்மார் கூடி, யார் வீட்டில் பணம் எதற்குப் போகிறது என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்கிறார்கள். குடித்துத் தீர்க்கும் கணவன் கையில் அது சிக்காமல் காப்பதும் அந்தக் குழுதான். நம் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுவில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அமைப்பைச் சரிபார்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பதிவான தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித்துறையிடம் ‘படிவம் 990’ தாக்கல் செய்ய வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு உரியது. கனடாவில் அதற்கு இணையானது ‘டி3010’. வரவில் எவ்வளவு திட்டங்களுக்குப் போகிறது, தலைமை அதிகாரிகளுக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஆயர்களின் கீழுள்ள மறைமாவட்டங்களும் அவற்றின் பங்குக் கோவில்களும் அமெரிக்காவில் அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்யத் தேவையில்லை. ஆகவே ஒரு பங்குவழியாக அனுப்பினால் கணக்கைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நல்ல குருவானவர் கேட்டால் மகிழ்வார். கேட்பதை நம்பிக்கைக் குறைவாக எடுத்துக்கொள்பவர் என்றால் அங்கே நான் பணம் கொடுக்க மாட்டேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1998-ல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகையின் நிருபர்கள் சில பெரிய அமைப்புகளில் தாங்களே உபகாரிகளாகச் சேர்ந்து, பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடி நேரில் போனார்கள். அவர்களில் மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தி இறந்துபோயிருந்தாள். அவள் பெயரில் பணம் மட்டும் தொடர்ந்து வாங்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு புதிய படம், பிள்ளையின் கையெழுத்திலேயே கடிதம், வகுப்பு விவரம்: இந்த மூன்றும் வராவிட்டால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் மனம் தளர்ந்து விலகுகிறார்கள். முதல் கடிதம் வரும். ‘அன்புள்ள உபகாரிக்கு, நான் நலம், உங்கள் நலத்துக்காகக் கடவுளிடம் வேண்டுகிறேன், உதவிக்கு நன்றி.’ இரண்டாவதும் அப்படியே இருக்கும், மூன்றாவதும். பிள்ளைக்கு நம்மேல் பாசமே இல்லை, யாரோ சொல்லிக் கொடுத்து எழுதுகிறாள் என்பார்கள். சொல்லிக் கொடுத்துத்தான் எழுதுவாள். முகம் தெரியாத, மொழி தெரியாத, சோறு போடுகிற ஒருவருக்குப் பன்னிரண்டு வயதில் என்ன எழுதுவது? கரும்பலகையைப் பார்த்து எழுதிய நாங்கள் அத்தனை பேரும் மனதார எழுதியவர்கள்தான். அந்த மயிலுக்கு எந்தக் கலர் அடிப்பது என்று நான் நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். எங்கள் பாசம் மயிலில் இருந்தது; கடிதத்தில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. குவாத்தமாலாவிலிருந்து வரும் கடிதங்களிலும் நான் முதலில் பார்ப்பது கீழே வரைந்த படத்தைத்தான். எரிமலை, கோழி, ஒருமுறை முழுப் பக்கத்துக்கு அவள் நெய்த துணியின் கோலம்.

நீங்கள் எழுதும்போது சின்னச் சின்ன விஷயம் எழுதுங்கள். அன்று என்ன சமைத்தீர்கள், வீட்டு நாய் என்ன செய்தது, வெயில் எப்படி. ஒரு கடிதத்துக்கு ஒரே ஒரு கேள்வி, அதுவும் பிள்ளையால் பதில் சொல்லக் கூடியதாக. ‘உன் எதிர்கால லட்சியம் என்ன?’ என்று கேட்டால் டாக்டர் என்றோ டீச்சர் என்றோ பதில் வரும். ‘உங்கள் வீட்டுக் கோழி எத்தனை முட்டை இடுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் வரும். வீடு, கார், சுற்றுலா பற்றி எழுத வேண்டாம். அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்கிறேன் என்று விளையாட்டுக்குக்கூட எழுத வேண்டாம். அங்கே அந்தச் சொல்லை நம்பி எல்லையைக் கடக்கப் புறப்படுகிற பிள்ளைகள் உண்டு. மார்க் குறைந்ததற்குக் கண்டிக்க வேண்டாம். அதற்கு அவளுக்கு அம்மா இருக்கிறார்.

பார்சல் அனுப்பாதீர்கள். சுங்கத்தில் நிற்கும், பொருளைவிடத் தீர்வை அதிகமாகும். கிடைத்தாலும், ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகள் இருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் பொம்மை வந்தால் அது நிம்மதியைக் கெடுக்கும். கூடுதலாகக் கொடுக்க விருப்பம் இருந்தால் அமைப்பின் வழியாகவே பணமாகக் கொடுங்கள். நான் கிறிஸ்துமஸ் அன்பளிப்பை நவம்பர் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவேன். ஜனவரியில் பள்ளி சேரும் செலவுக்கு அது போய்ச் சேரும். பிள்ளையின் படத்தையும் முழுப் பெயரையும் ஊரையும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். வளர்ந்த பிள்ளை உங்களைத் தேடிப் பிடித்து நேரடியாகச் செய்தி அனுப்பினால், அன்பாக ஒரு பதில் சொல்லிவிட்டு, அலுவலகம் வழியாகவே எழுதுவோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் ஏழைப் பெண்பிள்ளையோடு தனியாகத் தொடர்பில் இருப்பதை எந்தப் பொறுப்புள்ள அமைப்பும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா கேட்டார்: “ஏம்மா, நம் ஊரில் இல்லாத ஏழைப் பிள்ளைகளா? எங்கேயோ இருக்கிற நாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாயே?” நியாயமான கேள்விதான். என் பதில்: “சித்தப்பா, எனக்குப் பணம் அனுப்பிய அந்த ஜெர்மன் அம்மாவிடமும் அவர்கள் ஊரில் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். அவர் கேட்டுக்கொண்டு நிறுத்தியிருந்தால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.” சித்தப்பா விடவில்லை, ஊருக்கும் செய் என்றார். செய்கிறோம். ஆனால் இந்தியாவுக்கு அனுப்புவதில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கிவழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு மாறி வெளிநாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால், ஓ.சி.ஐ. என்னும் வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், நீங்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெறும் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. மறைமாவட்டச் சங்கம் ஒன்று வாங்கிச் சின்னச் சின்ன கான்வென்டுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பழைய வழி இதனால் அடைபட்டது. அதற்கு முன்பே, இதே சட்டச் சிக்கலில், 2017 மார்ச்சில் கம்பாஷன் அமைப்பு இந்தியாவை விட்டே வெளியேறியபோது ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி நின்றது. ஊரில் உள்ள சிஸ்டர் நல்லவர், நேரே அவர் கணக்கில் போட்டுவிடுகிறேன் என்று நினைப்பவர்கள், அவரைத்தான் சிக்கலில் மாட்டிவிடுகிறார்கள்.

நாங்கள் முதலில் ஏற்ற குவாத்தமாலாப் பெண் கணக்கியல் மேல்நிலைப் படிப்பை முடித்தாள். ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறாள் என்று கடைசிக் கடிதத்தில் இருந்தது. அவளுக்குப் பின் அதே ஏரிக்கரையில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை ஏற்றோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் டி.வி.யிலும் ரேடியோவிலும். அவன் வீட்டில் டி.வி. இல்லை. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு, திட்டத்திலிருந்து விலகிவிட்டான், குடும்பம் தொடர்பில் இல்லை என்று அலுவலகத்திலிருந்து தகவல். வடக்கே புறப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன். பல மாதங்கள் எல்லைச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய பிள்ளையை ஏற்றால் இந்த வலிக்கு வாய்ப்பு அதிகம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த வயதில்தான் போராட்டம் நடக்கிறது. அங்கேதான் ஆள் வேண்டும். அடுத்த கோப்புக்கும் பதின்மூன்று வயது என்றே எழுதிக் கேட்டோம். இம்முறை பெண்.

புதிதாகச் சேர்பவர்களிடம் கடைசியாக நான் வாங்கும் வாக்கு ஒன்று உண்டு. வேலை போகலாம், நோய் வரலாம், நிறுத்த வேண்டிய நிலை யாருக்கும் வரலாம். அதில் வெட்கம் இல்லை. ஆனால் கிரெடிட் கார்டு காலாவதியாகிப் பணம் தானாக நின்றுபோகும்படி விடாதீர்கள். மூன்று நான்கு மாதம் முன்பே அலுவலகத்துக்கு எழுதுங்கள். வேறு உபகாரியைத் தேட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். நிறுத்தும் மாதத்தைப் பள்ளி ஆண்டின் முடிவாகப் பார்த்து வையுங்கள்: குவாத்தமாலா என்றால் அக்டோபருக்குப் பிறகு, நம் ஊர் என்றால் ஏப்ரலுக்குப் பிறகு. பிள்ளைக்கும் ஒரு கடிதம், நிறுத்துவதற்கான காரணத்தைச் சொல்லி. உங்கள் கணவரிடமோ மனைவியிடமோ வளர்ந்த பிள்ளைகளிடமோ அந்தப் பிள்ளையின் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று இப்போதே சொல்லி வையுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டார் செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியலில் அந்தக் கோப்பின் எண்ணையும் எழுதிவிடுங்கள்.